அளந்து கொடுத்த தண்ணீர்

அக்டோபர் 3, வெள்ளி

வெயில். புரட்டாசி பாதி போய்விட்டது, ஒரு தூறல் இல்லை. டயாலிசிஸ் நாள், வாரம் இரண்டு, செவ்வாயும் வெள்ளியும்.

எடை 61.2. நேற்றுக் குடித்தது 750 மில்லி. அளவு 700தான். ஐம்பது கூடிவிட்டது. மாத்திரை விழுங்க என்றார் வீட்டுக்காரர்.

புது நோட்டு, நாலாவது. எடையும் குடித்த அளவும் தினம் எழுதச் சொன்னது டயாலிசிஸ் சிஸ்டர். எழுத ஆரம்பித்த கை மற்றதையும் எழுதுகிறது. சிஸ்டருக்கு ஒரு துண்டுத் தாளில் அந்த இரண்டு எண் மட்டும் கொண்டுபோகிறேன். இது எனக்கு.

ஆட்டோவில் கிருமாம்பாக்கம், அங்கிருந்து பஸ்ஸில் பாண்டிச்சேரி. நாலு மணி நேரம் மெஷின். நான் வெளியே பெஞ்சில். வீட்டுக்கு வர மூன்று மணி. வந்ததும் படுக்காமல் நேரே பின்பக்கம் போய்விட்டார். கொத்தனார் ஏழுமலை புதுத் தொட்டிக்குச் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அடி வரிசையில் ஒரு கல் வெளியே தள்ளியிருந்ததாம். பிரித்துக் கட்டச் சொன்னார்.

"அண்ணே, தண்ணிக்குள்ள போற சுவரு. யாரு பாக்கப் போறா?"

"தண்ணி பாக்கும்."

முப்பது வருஷம் மேஸ்திரி வேலை பார்த்தவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் மேஸ்திரிதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

எடை 60.1. குடித்தது 700.

சர்ச்சில் பூசைக்கு நான் மட்டும் போனேன். சாமியார் மழைக்காக வேண்டச் சொன்னார். எல்லாரும் விசிறிக்கொண்டே வேண்டினார்கள்.

பருப்பு வேகவில்லை. ஒன்றரை மணி நேரம். குழாய்த் தண்ணீரில் இப்போதெல்லாம் எதுவும் வேகாது. நம் வீட்டு போர்வெல்லும் உப்பாகி மூன்று வருஷம். கடல் உள்ளே வந்துவிட்டது என்கிறார்கள். குடிக்க கேன், சமைக்க பாதி கேன் பாதி குழாய். குளிக்க போர் தண்ணீர். தலைமுடி கயிறு மாதிரி.

பின்பக்கம் கட்டுவது மழைத்தண்ணீர்த் தொட்டி. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம். மொட்டை மாடித் தண்ணீர் முழுதும் பைப்பில் இறங்கி, மணல், கூழாங்கல், கரி போட்ட டிரம் வழியாகத் தொட்டிக்குப் போகும். போன மாதம் திடீரென்று ஏழுமலையைக் கூப்பிட்டு ஆரம்பித்தார். ஊரெல்லாம் வீடு கட்டும்போது பிளான் அப்ரூவலுக்காக ஒரு முழம் பைப்பைச் சுவரில் நட்டு மண்ணுக்குள் விட்டுவிட்டு, மழைநீர் சேகரிப்பு என்று போட்டோ எடுத்துக் கொடுத்தவர்தான். "அதுல ஒண்ணுகூட வேலை செய்யாது" என்று அவரே சொல்லியிருக்கிறார். சொந்த வீட்டுக்கு அந்த முழம் பைப் கூட வைக்கவில்லை.

ஷீலா போனில் கத்தினாள். எங்கள் ஒரே பிள்ளை. சென்னையில் நர்ஸ். 700 என்ற கணக்கை டாக்டர் சொன்னாலும், அதைக் காவல் காப்பது அவள். பாட்டிலில் நகப்பூச்சால் கோடு போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

"இப்ப எதுக்கும்மா தொட்டி? அப்பா குடிக்கவே கூடாத நெலமைல கீறாரு. அவருக்கு அலைச்சல்தான்."

அவரிடம் சொன்னேன்.

"நானா குடிக்கக் கட்டுறேன்?" என்றார். 

அக்டோபர் 8, புதன்

எடை 59.6. குடித்தது 680. அனல்காற்று மாதிரி மேற்கிலிருந்து.

வாங்க வேண்டியது: மாத்திரை (வெள்ளைப் பட்டை), கொசுவலை இரண்டு மீட்டர், தொட்டி மூடிக்குக் கைப்பிடி, எலுமிச்சை.

எலுமிச்சை அவருக்கு. தாகம் எடுத்தால் ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று ஷீலா சொல்லியிருக்கிறாள். நான்கு வருஷமாக அவருக்கு மனப்பாடம்: இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, ரசம் அளவோடு, மோர் அளவோடு, ஐஸ் கட்டியும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

இன்று உள்பூச்சு. மதியம் நான் சாப்பாடு எடுத்து வந்தபோது நாற்காலி காலி. எட்டிப் பார்த்தால் தொட்டிக்குள் நிற்கிறார். ஏணியில் இறங்கியிருக்கிறார். மூலையில் கரணையால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை மேலே நின்று என்னைப் பார்த்து கையை விரித்தார்.

"மூலைலதான் கசியும். இவனுக்கு மூலை வராது" என்று உள்ளேயிருந்து குரல்.

இறங்கியவரால் ஏற முடியவில்லை. ஏணியில் இரண்டு படி வந்து அப்படியே நின்றார்.  ஏழுமலை மேலேயிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அக்குளுக்குக் கீழே எலும்பு. இந்த ஆள்தான் இரண்டு சட்டி கலவையை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு சாரம் ஏறியவர்.

மேலே வந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் ஏழுமலையும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

எடை 62.4.

மூன்று நாளில் மூன்று கிலோ. சிஸ்டர் என் தாளைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, 700னு எழுதிட்டு வந்திருக்கீங்க." பொய் எழுதியது போல் ஆகிவிட்டது.

மெஷினில் கடைசி ஒரு மணி நேரம் காலில் பிடிப்பு. அவர் போட்ட சத்தம் பெஞ்சு வரைக்கும் வந்தது.

 வீட்டுக்கு வந்து கேட்டேன். கேட்டேன் என்றால் சண்டை. பானையைப் பூட்டுகிறேன், கேனைப் பூட்டுகிறேன், எங்கே போய்க் குடிக்கிறீங்க, எனக்கு ஏன் இந்தக் கெட்ட பேரு. எல்லாம் கேட்டேன்.

கடைசியில் சொன்னார்.

"குளிக்கறப்போ."

"இன்னா குளிக்கறப்போ?"

"ஒரு சொம்பு ஊத்திக்கினு ஒரு சொம்பு குடிச்சேன்."

அந்த போர் தண்ணீரை. வாயில் வைத்தால் குமட்டும் தண்ணீர். மாடு முகர்ந்து பார்த்துத் திரும்புகிற தண்ணீர். உப்பு குடித்தால் இன்னும் தாகம், இன்னும் தாகம் என்றால் இன்னொரு சொம்பு.

ஷீலாவுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

எடை 59.3. குடித்தது 700. குளிக்கும்போது கதவைத் தாழ் போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நானே ஊற்றினேன். குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தொட்டி வேலை முடிந்தது. மூடி போட்டாயிற்று. சிமெண்ட் பதமாக உள்ளே தண்ணீர் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீர் கூடாதாம், கம்பி துருவேறும். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். ஒரு வாரம் நின்று, சிமெண்ட் வாடை போனபின் வெளியே விட்டுவிட வேண்டும்.

நல்ல தண்ணீர். தொட்டி நிறைய. குடிக்க இல்லை, கொட்டுவதற்கு.

அக்டோபர் 14, செவ்வாய்

எடை 60.8. குடித்தது 700. இந்த முறை எண் பொய்யில்லை. சிஸ்டர் "குட்" என்றார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேகம். திரும்பி வரும்போது தவளக்குப்பம் வரைக்கும் இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் ஓர் அம்மா: "இன்னிக்கு ஊத்திடும் பாரு." ஊற்றவில்லை. கடலுக்கே போய்விட்டது.

அக்டோபர் 18, சனி

எடை 60.0. குடித்தது 690.

சாயங்காலம் நாலு மணிக்கு மழை! பத்து நிமிஷம்.

லாரித் தண்ணீரைக் காலையில்தான் இறைத்து முடித்தோம், ஏழுமலையும் நானும். தொட்டியைக் கழுவித் துடைத்தாயிற்று. மழைச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் பைப்பைத் தொட்டிப் பக்கம் திருப்பப் போனேன்.

வீட்டுக்குள்ளிருந்து கத்தினார். அவ்வளவு சத்தம் அவரிடம் இருக்கும் என்று நினைக்கவில்லை. "திருப்பாத! வெளிய விடு! மொத மழ அழுக்குடி!"

மாடியிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. காக்கை எச்சம், வேப்பஞ்சருகு, புழுதி. வாழைக்குப் போனது. தெளிந்து வரும்போது மழை நின்றுவிட்டது. தொட்டிக்குள் ஒரு சொட்டு இல்லை.

"பரவால்ல" என்றார். "மாடி கழுவிச்சி இல்ல."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எடை 60.6. குடித்தது 700.

ஏழுமலை வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. இவருக்கு முறுக்கில் உப்பு கூடாது, அதிரசத்தில் வெல்லம் கூடாது. மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

மாடியெல்லாம் பக்கத்து வீட்டுப் பட்டாசுக் காகிதம், மருந்துக் கரி. இன்று மழை வந்தால் அத்தனையும் தொட்டிக்கு வரும். மத்தியானம் ஏறிப் பெருக்கினேன், ஈரத்துணியால் துடைத்தேன். இறங்குவதற்குள் இன்னொரு சரம் வெடித்தார்கள். மறுபடி ஏறினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

அக்டோபர் 22, புதன்

எடை போடவில்லை. காலையில் கரண்ட் இல்லை, இருட்டில் அவரும் எழவில்லை. குடித்தது 600.

நேற்று டயாலிசிஸ் முடிந்து வரும்போது பிடித்த மழை, இன்று மத்தியானம் வரை. நான் வேலை பார்க்கும் அங்கன்வாடி லீவு. எனக்கு எப்படியும் லீவுதான், ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் தண்ணீரை விட்டபின் பைப்பைத் திருப்பினேன். டிரம்முக்குள் இறங்கும் சத்தம் முதலில் கொட்டுகிற மாதிரி, பிறகு பேசுகிற மாதிரி. பத்து மணிக்கு மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். முழங்கால் அளவு. ஒரு மணிக்கு இடுப்புக்கு மேல்.

குடை பிடித்து அவரைக் கூட்டி வந்தேன். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். மூலை மூலையாகப் பார்த்தார். சொட்டு கசியவில்லை.

"நீ குடி" என்றார்.

வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்து ஒரு டம்ளர் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டி கீது?"

"ஒரு ருசியும் இல்லங்க."

"அதான் தண்ணி" என்றார். சந்தோஷம் அவர் முகத்தில். நான்கு வருஷத்தில் எத்தனை தடவை பார்த்தேன் அதை?

அவருக்கு என்று இன்றைய 700-இல் நூறு ஒதுக்கி ஊற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். "நூறு குடிச்சா ஆச அதிகமாயிடும்."

பருப்பு இருபது நிமிஷத்தில் வெந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

டயாலிசிஸுக்கு வரவில்லை என்றார்.

மழை என்றார். மழை விட்டிருந்தது. ஆட்டோ வராது என்றார். ஆட்டோ வாசலில் நின்றது. பிறகு சாக்கு சொல்வதை விட்டார்.

"போதும் ரெஜினா."

அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து கைலியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். கடைக்குப் போகவில்லை என்பது மாதிரி.

ஆட்டோவை அனுப்பிவிட்டு ஷீலாவுக்குப் போன் செய்தேன். செய்யாமல் இருந்திருந்தால்? தெரியவில்லை.

அக்டோபர் 25, சனி

ஷீலா வந்துவிட்டாள். நனைந்த பையோடு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து காலைத் தொட்டு வீக்கம் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தாள்.

"ப்பா, எனக்காக ஒரே ஒரு தடவ வா. அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னு ஒண்ணு வரும்போதெல்லாம் நீ இதத்தான் சொல்ற."

ஆனாலும் சரி என்றார். சாயங்காலமே கூட்டிப்போய், கெஞ்சி, மெஷினில் இரண்டு மணி நேரம் இடம் வாங்கினாள். அந்த வார்டில் அவளுக்குத் தெரிந்த பெண் இருக்கிறாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

எடை 61.9. குடித்தது 500. ஷீலா அளவைக் குறைத்துவிட்டாள்.

மெஷினில் போட்ட ஒன்றரை மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது. கண் மேலே போய்விட்டது. பாதியில் நிறுத்தினார்கள். டாக்டர் என்னையும் ஷீலாவையும் தனியே கூப்பிட்டார். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, இனி ஒவ்வொரு முறையும் இப்படி ஆகலாம், நிறுத்துவதா தொடர்வதா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர். எழுந்து நின்று சொன்னார்.

வெளியே வந்ததும் ஷீலா: "நிறுத்துனா நாலஞ்சு நாளும்மா. தண்ணி ஏறி மூச்சு முட்டும். அந்த மாரி போறத நான் தெனமும் பாக்கறேன். எங்கப்பா அப்டிப் போகக்கூடாது."

தலையாட்டினேன்.

அக்டோபர் 30, வியாழன்

குடித்தது 500. தூறல்.

ஷீலாவுக்கு லீவு இல்லை. காலையில் கிளம்பினாள். வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் கண்டிப்பா கூட்டிப் போ. ஐநூறுக்கு மேல ஒரு சொட்டு குடுக்காத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அக்டோபர் 31, வெள்ளி

போகவில்லை.

காலையில் ஆட்டோ வந்தது. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூங்கவில்லை. "ரெஜினா, அத அனுப்பிடு" என்றார். அனுப்பினேன்.

எட்டு மணிக்குக் கேட்டார். "தொட்டித் தண்ணி ஒரு சொம்பு. பாட்டில் வேணாம். கோடு வேணாம்."

"குடிச்சா இன்னா ஆவும்னு தெரியும் இல்ல?"

"உன்னவிட எனக்குத் தெரியும்."

சமையல்கட்டுக்கு வந்து நின்றேன். அரிசி களைந்தேன். மறுபடி களைந்தேன். ஷீலா பிடித்த கை. அவர் உதட்டில் வெடிப்பு, வெடிப்பில் ரத்தம். செபம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. யாரிடமாவது கேட்கலாம் என்றால் யாரிடம்? ஏழுமலையிடமா, சாமியாரிடமா? எல்லாரும் ஒன்று சொல்வார்கள். கொடுக்கப்போகிற கை என்னுடையது.

பதினொன்றரைக்குப் பித்தளைச் சொம்பில் மொண்டு வந்தேன்.

தலையைத் தூக்கிப் பிடித்தேன். அவசரப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. வாயில் வைத்து நிறுத்தி, பிறகு விழுங்கினார். மறுபடி. தாடை வழியாக வழிந்ததைக் கையால் தடவிக் கழுத்தில் பூசிக்கொண்டார். சொம்பு தீர்ந்தது.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் மொண்டு வந்தேன்.

எழுத வேண்டிய இடம்: எடை — குடித்தது —

நவம்பர் 1, சனி

மழை. மூச்சு சத்தமாக. தலையணை மூன்று வைத்து உட்கார்த்தியிருக்கிறேன். சாமியார் வந்து கடைசிச் செபம் சொல்லி எண்ணெய் பூசினார். இவருக்கு நினைவு இருந்தது, தானே சிலுவை போட்டார்.

ஷீலாவிடம் டயாலிசிஸ் போகவில்லை என்று மட்டும் சொன்னேன். "வரேன். தண்ணி மட்டும் குடுக்காதம்மா" என்றாள்.

கேட்டார். ஸ்பூனில் கொடுத்தேன். எத்தனை ஸ்பூன் என்று எண்ணவில்லை.

நவம்பர் 6, வியாழன்

நாலு நாளாக நோட்டை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு. ஷீலா இருந்தாள், ஏழுமலை இருந்தார். மூச்சு கஷ்டப்பட்டது. எளிதாகப் போனார் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஞாயிறு முழுக்கக் கஷ்டப்பட்டார். ஷீலா சொன்னது போலத்தான்.

அன்று மாலையே அடக்கம். முந்தின நாள் கல்லறைத் திருநாள். எல்லாக் கல்லறையிலும் செவ்வந்திப் பூ, எரிந்து மிஞ்சிய மெழுகு. அவருக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறி நின்றது. ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். பக்கெட் பக்கெட்டாக இறைத்தார். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் மணல் கொட்டிப் பெட்டியை இறக்கினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் நினைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்.

மத்தியானம் ஷீலா அலமாரியில் அவர் பேப்பர்களை எடுத்து அடுக்கினாள். இந்த நோட்டும் அதில் போயிருக்கிறது. நான் துணி உலர்த்திவிட்டு வந்தபோது அவள் மடியில் திறந்திருந்தது.

"வெள்ளிக்கிழம எவ்ளோ குடுத்த?"

"அளக்கல."

"சத்தியம் பண்ணியேம்மா."

"ஆமா."

"நான் இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"ஞாயித்துக்கெழம அவ்ளோ கஷ்டப்பட்டாரு. நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். மன்னிப்பு கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை, ஏனென்றால் மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் மொண்டுதான் கொடுப்பேன். அதை அவள் என் முகத்தில் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் திறந்தே இருந்தது. வெளியே வந்து பையைக் கட்டினாள். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் ஏழாம் நாள் பூசைக்கு இருப்பாள் என்று அரிசி வாங்கி வைத்திருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மேகம். அங்கன்வாடியிலிருந்து ஆள் வந்தது, திங்களிலிருந்து வரச்சொல்லி.

ஷீலாவிடமிருந்து போன் இல்லை. செவ்வாய் நான் செய்தேன், எடுக்கவில்லை. நேற்றும்.

இன்று காலை பத்து மணிக்கு மறுபடி செய்தேன். எடுத்தாள். "ஷீலா" என்றேன். பேசவில்லை. பின்னால் வார்டுச் சத்தம், ஏதோ ஸ்டாண்டைத் தள்ளிப்போகிற சத்தம், யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட்டது. அவள் மூச்சு கேட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை.